கோடாலிக்குக் காம்பு மாற்ற 4,850 ரூபாய் கட்டி ஏமாந்த கதை. தயவுசெய்து இதைப் படிக்காமல் யாருக்கும் பணம் கட்டாதீர்கள்

விறகு பிளக்கிற கோடாலிக்கு வெளிநாட்டு மரத்தில் காம்பு போட்டுத் தருகிறோம் என்று சமூக ஊடகத்தில் பக்கம் நடத்துகிறவர்களிடம் பணம் கட்டும் எண்ணம் இருந்தால், ஒரு நிமிடம் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 4,850 ரூபாய் போனது. பணம் போனதை விடுங்கள், போன வாரம் எங்கள் அடுப்படியில் ஒரு மனிதர் உயிர் தப்பியதே பெரிய விஷயம்.

குன்னூர் பக்கம் எங்களுக்குச் சின்ன பேக்கரி. வர்க்கி என்கிற மொறுமொறு பிஸ்கட் போடுவது இன்னும் விறகு அடுப்பில்தான். கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) லோடாக வந்து இறங்கும். கற்பூர மரத்தைப் பச்சையிலேயே பிளந்துவிட வேண்டும். காய்ந்தால் நார் முறுக்கிக்கொண்டு சாதாரணக் கோடாலியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதற்குத்தான் இந்தக் கனத்த கோடாலி. ஒரு பக்கம் தடித்த வாய், மறுபக்கம் சம்மட்டி. தலை மட்டும் எட்டு பவுண்டு, 3.6 கிலோ. பழைய எஸ்டேட் சாமான்களை ஏலம் விட்டபோது அப்பா எடுத்தது. தலை அருமையான இரும்பு, காம்புதான் குட்டை. குட்டைக் காம்பில் குனிந்து குனிந்து அடித்தால் இடுப்பு போய்விடும். குறி தப்பினால் வாய் நேராகக் காலைப் பார்த்து வரும். 36 அங்குலத்தில் நீளக் காம்பு இருந்தால் வீச்சும் நன்றாக இருக்கும், தப்பினாலும் தரையில்தான் இறங்கும். அதனால்தான் மாற்ற நினைத்தேன்.

அந்தப் பக்கத்தைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள். பளபளவென்று எண்ணெய் பூசிய காம்புகள், அமெரிக்க ஹிக்கரி மரம் என்று விளக்கம், பட்டறை வீடியோக்கள். கூப்பிட்டேன். பேசியவர் வீடியோ காலில் வந்தார். ஒரு காம்பைக் கையில் எடுத்து அதன் அடிப்பக்கத்தைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டுவந்து காட்டினார். "பாருங்க சார், கோடு எல்லாம் வாய் போற திசையிலேயே போகுது பாருங்க. இந்த மாதிரி இருந்தாத்தான் அடி தாங்கும்" என்றார். அவர் சொன்னது சரி. முனையில் தெரிகிற வளையக் கோடுகள் கோடாலி வாய்க்கு இணையாக ஓட வேண்டும், பக்கவாட்டில் நார் சரிந்து வெளியே போகக்கூடாது. இவ்வளவு விவரம் தெரிந்த ஆள் என்று அந்த இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. "இதே காம்பை உங்க பேர் எழுதித் தனியா எடுத்து வைக்கிறேன் சார். தலையை அனுப்புங்க, நானே கையால போட்டு அனுப்புறேன்" என்றார். என் பெயரை மார்க்கர் பேனாவில் அதன் மேலேயே எழுதியும் காட்டினார். காம்புக்கு 3,200, பொருத்த 1,000, பார்சல் 650. மொத்தம் 4,850 ரூபாய். பேசி முடித்த கையோடு முழுப் பணத்தையும் அனுப்பினேன், கோடாலித் தலையையும் பார்சலில் அனுப்பினேன்.

வந்த காம்பில் தலையிலிருந்து பாதி நீளத்துக்குக் கறுப்புப் பெயின்ட். கேட்டதற்கு, "அது கிரிப் கோட்டிங் சார், ஃப்ரீயா போட்டிருக்கோம்" என்றார்.

எங்களிடம் விறகு பிளக்கிற பெரியவருக்கு இதில் ஆயுசு பூரா அனுபவம். மறுநாள் காலையில் அவர்தான் எடுத்தார். பெரிய கட்டைகூட இல்லை, சீகைதான். ஒரு கட்டை பிளந்தது. அடுத்ததற்கு ஓங்கினார். தலைக்குக் கீழே சடக்கென்று முறிந்து, எட்டு பவுண்டு இரும்பு அவர் தோளை ஒட்டிப் பறந்து தகரச் சுவரைக் கிழித்துக்கொண்டு போய் விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் என் பையன் பல் விளக்கிக்கொண்டு நிற்பான். அன்றைக்கு எழுந்திருக்கத் தாமதம்.

உடைந்த காம்பை ஆசாரியிடம் கொண்டுபோனேன். பெயின்டைச் சுரண்டினார். நார் ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே சரிந்து வெளியே ஓடுகிறது. நடுவில் ஒரு முடிச்சு, அதில் மக்கு வைத்து அடைத்து மேலே கறுப்பு அடித்திருக்கிறார்கள். நகத்தால் அழுத்தினால் தடம் விழுகிறது. "இது பழப்பெட்டிக்கு ஆகிற மரம் தம்பி" என்றார். என் பெயர் எழுதிய காம்பு வேறு எங்கோ போயிருக்கிறது.

தலைக்குள் இருந்ததைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. காம்பின் மேல்முனையைப் பிளந்து மர ஆப்பு இறக்கி, அது ஓட்டைக்குள் விரிந்து நிற்க வேண்டும். இதில் ஆப்பே இல்லை. இரண்டு கம்பி ஆணி, மேலே பசை. அதோடு, கோடாலி வாய் முழுக்க நீலம் பாய்ந்திருக்கிறது. பழைய காம்பின் மிச்சத்தைத் துளை போட்டுக் குத்தி எடுக்காமல், தலையை அப்படியே நெருப்பில் போட்டு எரித்து எடுத்திருக்கிறார்கள். இரும்பு நீலமாகிற அளவுக்குச் சூடேறினால், 300 டிகிரி வாக்கில், வாயின் கடினம் இறங்கிவிடும். கொல்லர் அரத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார், சுலபமாகச் சீவிக்கொண்டு வந்தது. மறுபடி பதம் போட்டால்தான் தேறும் என்கிறார். காம்பு போனால் வேறு போடலாம். அப்பா வைத்திருந்த இரும்பையும் கெடுத்து அனுப்பியிருக்கிறார்களே!

போன் செய்தேன். முதலில், "அடிக்கத் தெரியாம காம்புலயே அடிச்சிருப்பாங்க சார்." போட்டோ அனுப்பினேன். "பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கா?" அப்புறம், "மரம் இயற்கைப் பொருள், வாரன்டி கிடையாது." ஆணி படத்தை அனுப்பினேன். பார்த்துவிட்டுப் பதிலே இல்லை. பிறகு ஒரு பெண் எடுத்து ஓனர் வெளியூர் என்றார். அடுத்து என் எண்ணையே பிளாக் செய்துவிட்டார்கள். மனைவியின் போனிலிருந்து கூப்பிட்டால் அதே ஆள், அதே குரல்: "சொல்லுங்க மேடம், என்ன காம்பு வேணும்?" நான் பேசியதும் கட் செய்துவிட்டார். நடந்ததை அவர்களுடைய சமூக ஊடகப் பக்கத்திலேயே எழுதினேன். இன்று மதியம் பார்த்தால் அழித்திருக்கிறார்கள். ஒரு பைசா திரும்பவில்லை. 4,850 ரூபாய் எங்களுக்குச் சும்மா வருவதில்லை, எத்தனை தட்டு வர்க்கி சுட வேண்டும் தெரியுமா?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன். 2020-ல் வந்த இணைய வணிக விதிகளின்படி புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இவர்களிடம் புகார் அதிகாரி என்று ஒருவர் பெயரே எங்கேயும் இல்லை.

எப்படிக் காம்பு தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு அதில் நிற்கவில்லை. அவசரமாகச் சில மட்டும்: பெயின்ட் அடித்த காம்பை வாங்கவே வாங்காதீர்கள், நல்ல மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் போதும். தலையைப் பார்சலில் அனுப்பாதீர்கள். கருவேலமோ வெள்ளைநாகையோ நன்றாகக் காய்ந்த துண்டு கிடைத்தால் உள்ளூர் ஆசாரியிடம் கொடுத்து, பக்கத்தில் நின்று ஆப்பு இறக்குவதைப் பாருங்கள். எரித்து எடுக்கிறேன் என்றால் கோடாலியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். முழுப் பணம் முன்கூட்டியே வேண்டாம். புதுக் காம்பு போட்ட முதல் நாள் முன்னாலும் பின்னாலும் ஒருவரும் நிற்கக்கூடாது, குழந்தைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது.

அந்தப் பக்கம் இன்றைக்கும் ஆர்டர் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. இந்த மாதிரி யாரிடமாவது தலையை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறவர்கள் இருந்தால், காம்பு போடுவதற்கு முன்னால் இன்றைக்கே அதைத் திரும்பக் கேளுங்கள்.