மதிப்பெண் 96, பக்கமோ திறக்கவில்லை: இணையக் கடை நடத்துவோர் கவனத்திற்கு

சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலைகளை இணையத்தில் விற்கும் சிறு கடை ஒன்றை நடத்தி வருகிறேன். அதன் பக்கங்களை வேகப்படுத்தித் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்திடம் 18,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணம் போனதைவிட, ஏமாந்திருக்கிறேன் என்பதே இரண்டு மாதம் தெரியாமல் இருந்ததுதான் இன்றும் உறுத்துகிறது. இதே வித்தையைக் காட்டிப் பலரும் பிழைப்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

முதல் தவறு என்னுடையதுதான். முகப்பில் இருந்த 14 சேலைப் படங்களையும் கேமராவிலிருந்து வந்தபடியே ஏற்றியிருந்தேன். ஒவ்வொன்றும் 4,000 பிக்சல் அகலம், 1 எம்பிக்குக் குறையாத எடை. கைப்பேசித் திரையில் அதற்குக் கிடைக்கும் இடமோ தீப்பெட்டி அளவுதான். "தம்பி, சேலை கண்ணுல படுறதுக்குள்ள தீபாவளியே வந்துரும் போல" என்று தஞ்சாவூரிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் அலுத்துக்கொண்ட பிறகே ஆள் தேடினேன்.

இணையப் பக்கத்தின் வேகத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் சோதனையில் 90-க்கு மேல் மதிப்பெண், அதுவும் 48 மணி நேரத்தில் என்று அந்த நிறுவனத்தார் உறுதி கூறினார்கள். சொன்னபடியே 31 ஆக இருந்த மதிப்பெண் 96 ஆனது. நானே இரண்டு முறை சோதித்துப் பார்த்துவிட்டு, பச்சை வட்டத்தைக் கண்ட மகிழ்ச்சியில் மீதிப் பணத்தையும் அனுப்பிவிட்டேன். அதன் பிறகும் புகார்கள் நிற்கவில்லை. அவரவர் ஊரில் சிக்னல் சரியில்லை என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பொங்கலுக்கு வந்திருந்த மாமா மகன், மென்பொருள் வேலையில் இருப்பவன், உபுண்டு என்ற லினக்ஸ் வகை இயங்குதளம் உள்ள தன் மடிக்கணினியில் கடையைத் திறந்தான். பக்கம் கண்ணிமைப்பதற்குள் வந்துவிட்டது. "என்ன மச்சான், வாங்குற பட்டனையே காணோம்?" என்றான். என் கைப்பேசியில் பொத்தான் இருந்தது. ஆனால் அது வருவதற்கு 11 விநாடி பிடித்தது. ஒரே பக்கம் இரண்டு கருவிகளில் இரண்டு விதமாக நடந்துகொள்வதைக் கண்டதும் அவன் மூல நிரலைத் திறந்து தேடத் தொடங்கினான்.

கடையின் எல்லாப் பக்கங்களுக்கும் அச்சாக இருக்கும் வார்ப்புருவின் உச்சியில், படித்தால் புரியாதபடி குழப்பி எழுதப்பட்ட ஒரு துண்டு நிரல் இருந்தது. வந்திருக்கும் உலாவி எந்த இயங்குதளத்தில் ஓடுகிறது என்று அது கேட்கிறது. 'லினக்ஸ் எக்ஸ்86_64' என்று பதில் வந்தால், வாங்கும் பொத்தான் போன்றவற்றை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள் அனைத்தையும் ஓடவிடாமல் தடுத்துவிடுகிறது. கூகுளின் சோதனைக் கருவி கைப்பேசியைப் போல வேடமிட்டு வந்தாலும், உண்மையில் லினக்ஸ் சர்வரில் ஓடுவதால் இந்தக் கேள்விக்கு அந்தப் பதிலையே தருகிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பெரும்பாலும் 'ஆர்ம்' வகைப் பெயரையும், விண்டோஸ் கணினிகள் 'வின்32' என்றும் சொல்லும். ஆகவே வெறும் எலும்புக்கூடாக நின்ற பக்கத்தைப் பார்த்தவை சோதனைக் கருவியும், என் மாமா மகனைப் போன்ற சிலரின் கணினிகளும் மட்டுமே. வாடிக்கையாளர்களுக்குப் பழைய பாரம் முழுவதும் அப்படியே போய்க்கொண்டிருந்தது. படங்களை ஒருவரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

உண்மையான வேலைக்கு இரண்டு மாலைப்பொழுதுகளே பிடித்தன (கூலியாக அத்தைக்கு ஒரு சேலை எடுத்துக்கொண்டான்). படங்களை 800 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, எடை குறைந்த படக்கோப்பு வகையான வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றியதும் ஒவ்வொன்றும் 70 கேபி அளவுக்கு இறங்கியது. முதல் படத்தை உடனேயும், கீழே உள்ளவற்றை வாசகர் அங்கே நெருங்கும்போதும் வரும்படி வைத்தான். ஒவ்வொரு படத்துக்கும் அகல உயரத்தை நிரலிலேயே எழுதினான். அதுவரை, நிறத்தைத் தேர்ந்தெடுக்க விரலை வைக்கும் நேரத்தில் மேலே ஒரு படம் வந்து பக்கத்தைத் தள்ள, விரல் வேறெதிலோ பட்டுக்கொண்டிருந்தது. கடைத் தளத்தில் என்றோ நிறுவி மறந்துபோன மூன்று செயலிகளை நீக்கினோம். மதிப்பெண் 88-தான் வந்தது. ஆனால் பக்கம் என் கைப்பேசியில் 2 விநாடிக்குள் திறக்கிறது. முக்கியப் படம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளே வைத்திருக்கும் அளவுகோல்.

இப்படி வேலை கொடுப்பவர்கள் மதிப்பெண்ணைப் பார்த்துப் பணம் தராதீர்கள். வீட்டிலேயே பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி எதுவோ அதில், வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். பக்கத்தின் மொத்த எடை முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று கேளுங்கள். எடை குறையாமல் மதிப்பெண் மட்டும் 60 புள்ளி ஏறியிருந்தால் சந்தேகப்படுவதற்கு அதுவே போதும். பேஜ்ஸ்பீட் முடிவில், உண்மைப் பயனர்களின் கடந்த 28 நாள் அனுபவம் தனியாக மேலே காட்டப்படும். அதை இந்தத் தந்திரத்தால் ஏமாற்ற முடியாது. வருகை குறைந்த கடைகளுக்கு அந்தப் பகுதி காலியாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பணத்தைத் திரும்பக் கேட்டதற்கு, ரசீதில் '90-க்கு மேல் மதிப்பெண்' என்றுதானே இருக்கிறது, அதைக் கொடுத்துவிட்டோமே என்றார்கள். ரசீதை எடுத்துப் பார்த்தேன். வேகம் என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. கடையின் நிர்வாகக் கணக்கில் அவர்களுடைய பயனர் பெயர் அன்றுவரை நீக்கப்படாமல் இருந்ததையும் அப்போதுதான் கவனித்து நீக்கினேன்.