ஹெப்ரிடீஸ் சைக்கிள் பயணத்துக்குப் பணம் கட்டும் முன்பு

ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளைச் சைக்கிளில் கடந்து, அங்குள்ள தொல்லியல் சின்னங்களைப் பார்த்துவரத் திட்டமிடுபவர்கள், எந்த நிறுவனத்துக்கும் முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நானும் என் கணவரும் சென்ற கோடையில் ஒரு நிறுவனத்தின் வழியாகப் போனோம். தங்குமிடம், வாடகைச் சைக்கிள், படகுப் பயணம், நுழைவுக் கட்டணம் அனைத்தும் அடங்கும் என்று சொல்லித்தான் பெருந்தொகை வாங்கினார்கள்.

தெற்கே வாட்டர்சே தீவில் தொடங்கும் இந்தத் தடம் 10 தீவுகளைக் கடந்து, 185 மைல் ஓடி, வடக்கே லூயிஸ் தீவின் முனையில் முடிகிறது. அங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுவதால், வடக்கு நோக்கி மிதித்தால்தான் அது முதுகைத் தள்ளிக்கொடுக்கும். எங்களுக்குக் காட்டி விற்ற வழியும் அதுவே. ஆனால் புறப்படும் தறுவாயில், தங்குமிடம் கிடைக்கவில்லை என்று ஒற்றை வரி எழுதி, பயணத்தை லூயிஸ் தீவில் உள்ள ஸ்டோர்னோவே நகரிலிருந்து தெற்கு நோக்கித் திருப்பிவிட்டார்கள். ஒதுங்க மரம்கூட இல்லாத அந்தக் கரம்பில், எதிர்காற்றில், இறக்கத்திலும் மிதித்துத்தான் போக வேண்டியிருந்தது.

சைக்கிள்களின் நிலை அதைவிட மோசம். லூயிஸுக்குத் தெற்கே அதை ஒட்டியுள்ள ஹாரிஸில், 799 மீட்டர் உயரமுள்ள கிளிஷம் மலையை ஒட்டி ஏறும் சாலை, பிறகு டார்பர்ட் ஊர்ப் பக்கமாகச் செங்குத்தாக இறங்குகிறது. அந்த இறக்கத்தில் என் கணவர் பிரேக்கைப் பிடித்தபோது வண்டி நிற்கவில்லை. இரும்போடு இரும்பு உரசும் சத்தம்தான் கேட்டது. ஓரத்துப் புல்மேட்டில் ஏற்றி எப்படியோ நிறுத்திப் பார்த்தால், பிரேக் கட்டையில் ரப்பர் அடியோடு தேய்ந்து, உள்ளிருந்த தகடு சக்கர விளிம்பைச் சுரண்டியிருந்தது. அது நாங்கள் தேய்த்த தேய்மானம் அன்று. தொலைபேசியில் அழைத்ததற்கு, பக்கத்துக் கடையில் சரிசெய்துகொள்ளுங்கள் என்றார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. லூயிஸிலும் ஹாரிஸிலும் ஓய்வுநாள் மரபை இன்றும் மதிப்பதால் பெரும்பாலான கடைகள் அன்று திறப்பதில்லை. அந்தத் தீவுகளைக் காட்டியே தொழில் நடத்துபவர்களுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது.

நுழைவுக் கட்டணம் என்று வாங்கியதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. லூயிஸில் உள்ள டன் கார்லோவே, சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் சாந்து இல்லாமல் கல்லை அடுக்கிக் கட்டிய வட்டக் கோபுரம். ஒரு பக்கம் இன்றும் ஏறத்தாழ 9 மீட்டர் உயரம் நிற்கிறது, இரட்டைச் சுவருக்கு நடுவே படிகள் ஏறுவதைக் காணலாம். நார்த் யுயிஸ்ட் தீவில் உள்ள பார்ப்பா லங்காஸ், சுமார் 5,000 ஆண்டுப் பழமையான கற்குவைக் கல்லறை; அதே குன்றின் மறுசரிவில் ஒரு கல்வட்டம் இருக்கிறது. இங்கெல்லாம் சீட்டும் இல்லை, வசூலிப்பவரும் இல்லை. எவரும் எந்நேரமும் நடந்து போய்ப் பார்க்கலாம். இவற்றுக்குத்தான் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கெழுதிப் பணம் பிடித்திருந்தார்கள். தீவுகளுக்கிடையே ஓடும் கால்மேக் படகுகளில் சைக்கிளுக்குக் கட்டணமே கிடையாது. அதற்கும் ஒரு தொகை.

வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பினால் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். என் கணவர் மறுத்து, கடன் அட்டையில்தான் கட்டினார். அதுவே எங்களைக் காப்பாற்றியது. பிரிட்டனில் பெற்ற கடன் அட்டையில், 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள ஒன்றை வாங்கினால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, விற்றவர் ஒப்பந்தத்தை மீறும்போது அட்டை நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும். வங்கிப் பரிமாற்றத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தங்குமிடத்தையும் படகுப் பயணத்தையும் சேர்த்து விற்பவர், 2018ஆம் ஆண்டின் தொகுப்புப் பயண விதிகளுக்கும் கட்டுப்பட்டவர். பிரேக்கின் படங்களையும் ரசீதுகளையும் அனுப்பியபின், சைக்கிள் வாடகையும் பொய்க் கட்டணங்களும் அட்டை நிறுவனத்தின் வழியே திரும்பி வந்தன. பயண நிறுவனத்திடமிருந்து இதுவரை பதிலில்லை.

நீங்கள் போவதானால், எந்தத் திசையில் பயணம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். எதற்கு எவ்வளவு என்று வரிவரியாகக் கணக்குக் கேளுங்கள். தங்குமிடங்களின் பெயர்களை வாங்கி, உங்கள் பெயரில் பதிவு இருக்கிறதா என்று நீங்களே அழைத்து விசாரியுங்கள். சைக்கிளைக் கையில் வாங்கியதும், கடையை விட்டு நகரும் முன்பே, பிரேக் கட்டைகளைக் குனிந்து பாருங்கள்.