பழைய கார் ஏசியை ‘முழுசா கன்வெர்ட் பண்ணித் தர்றோம்’ என்றால் உடனே நம்பாதீர்கள்

இன்று மதியம்தான் இன்னொரு மெக்கானிக் என் காரின் ஏசி கம்ப்ரசரைக் கழற்றிக் காட்டினார். வயிறு இன்னும் எரிகிறது. அரை மாதச் சம்பளம் போயே போய்விட்டது. வேறு யாரும் இப்படி ஏமாறக் கூடாது என்று உடனே எழுதுகிறேன்.

என்னுடையது 1991 மாடல். ஏசியில் இருந்தது பழைய ஆர்-12 கேஸ். கூலிங் குறைந்ததும், கார் ஏசி வேலை மட்டுமே பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். உரிமையாளர் உட்காரவைத்துப் பொறுமையாகப் பேசினார். ஆர்-12 ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது, 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு அப்புறம் படிப்படியாக அதை நிறுத்திவிட்டார்கள், ஆர்-134ஏ என்ற மாற்று கேஸுக்கு மாறிவிடுவதே நல்லது என்றார். எல்லாம் உண்மைதான். “சும்மா கேஸை மட்டும் மாத்தினா கம்ப்ரசர் போயிடும் சார். ஈரத்தை உறிஞ்சுற டிரையர், ஆயில், இணைப்புல இருக்கிற ரப்பர் ஓ-ரிங் எல்லாத்தையும் மாத்தித்தான் நான் ஏத்துவேன்” என்று அவராகவே சொன்னார். அந்த வார்த்தையில்தான் விழுந்தேன். இவ்வளவு தெரிந்தவர் செய்யாமலா விடுவார்? கேட்ட அரை மாதச் சம்பளத்தையும் வேலை தொடங்கும் முன்பே கொடுத்தேன்.

ஒரு மணி நேரத்தில் வண்டி தயார். மிச்சமிருந்த ஆர்-12-ஐ மெஷினில் எடுக்காமல் புஸ்ஸென்று காற்றில் திறந்துவிட்டார்கள். ஓசோன் பற்றிப் பேசிய அதே ஆள் பக்கத்தில்தான் நின்றார். கேஸ் ஏற்றும் முன் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்ப் ஐந்து நிமிடம்கூட ஓடவில்லை. அப்போதே எழுந்து கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. காற்று ஜில்லென்று வந்தது, கிளம்பிவிட்டேன்.

பதினாறாம் நாள் கம்ப்ரசர் கிரீச்சிட்டு இறுகியது, பெல்ட்டிலிருந்து புகை.

போன் செய்தேன். “நாளைக்குக் கொண்டுவாங்க சார்.” கொண்டுபோனால் முதலாளி வெளியூர். மறுபடி போனால், “பழைய வண்டி, கம்ப்ரசர் எப்ப வேணா போகும், அதுக்கு நாங்க என்ன பண்றது?” மூன்றாவது முறை போனையே எடுக்கவில்லை. டிரையர், ஆயில் என்று பில்லில் எழுதியிருக்கிறதே என்று கேட்டதற்கு, கடையிலிருந்த பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

இன்று பார்த்த மெக்கானிக் பிரித்தார். டிரையர் அதே பழையது, துருப்பிடித்துப் போயிருக்கிறது. ஆயிலும் பழைய மினரல் ஆயில். அது ஆர்-134ஏ-வோடு கலக்காது. கேஸ் சுற்றி வரும்போது ஆயிலையும் கூட்டி வந்தால்தான் கம்ப்ரசருக்கு வழவழப்பு கிடைக்கும். இங்கே ஆயில் போய் வேறெங்கோ தேங்க, கம்ப்ரசர் காய்ந்து தேய்ந்திருக்கிறது. ஆர்-134ஏ-வுக்கு எஸ்டர் ஆயில் அல்லது பேக் (PAG) ஆயில் ஊற்றியிருக்க வேண்டும். பில்லில் 900 கிராம் கேஸ் என்று இருக்கிறது. பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஆர்-12 ஸ்டிக்கரில் உள்ள அதே அளவு! ஆர்-134ஏ என்றால் பொதுவாக அதில் 80 முதல் 90 சதவீதம்தான் ஏற்றுவார்களாம். கூடினால் பிரஷர் எகிறும். இப்போது இரும்புத் துகள், கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர்வரை போய்விட்டது. அரை மாதச் சம்பளத்தில் முடிந்திருக்க வேண்டியது, இனி எங்கே போய் நிற்குமோ.

விரிவாக எழுத இப்போது மனம் இல்லை, சிலதை மட்டும் சொல்கிறேன். கேஸ் தானாகத் தீராது, குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது, முதலில் அதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வேக்கம் அரை மணி நேரமாவது ஓடட்டும், நிறுத்திய பிறகு பிரஷர் கேஜின் முள் அசையாமல் நிற்கிறதா என்று நீங்களே பாருங்கள். மலிவாக வேறு கேஸ் ஏற்றுகிறேன் என்றால் வேண்டவே வேண்டாம், சிலர் தீப்பிடிக்கிற கேஸை ஏற்றிவிடுகிறார்கள். கழற்றிய பழைய டிரையரைக் கையில் கேட்டு வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை பணம் கொடுக்காதீர்கள்.