கட்டு இருக்கிறது, ஒட்டு இல்லை: வண்டியில் வரும் மண்கலவையும் கன்றும் வாங்கப் போகிறவர்களுக்கு

போன வருஷம் மே மாதக் கடைசி. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கும் முன்னால் மாடியில் செடிகளை வைத்துவிட வேண்டும் என்று நான் அவசரப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் எங்கள் தெருவுக்கு அந்த மினி லாரி வந்தது. நாங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வண்டி நிறைய கன்றுகள், பின்னால் அடுக்கிய மூட்டைகள், பக்கவாட்டில் ஒரு நர்சரி பெயர் போட்ட ஃபிளெக்ஸ், ஒலிபெருக்கியில் 'ரெடிமேட் மண்கலவை, ஒரிஜினல் ஒட்டுக்கன்று' என்று அறிவிப்பு. இதே மாதிரி வண்டி இந்த வருஷமும் மாவட்டத்தின் மேற்குப் பக்கம் சுற்றுவதாகத் தெரிந்தவர்கள் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் வாங்கியது 15 மூட்டை மண்கலவை, மூட்டை 40 கிலோ என்று சொல்லி 350 ரூபாய் வீதம். அதோடு சீக்கிரம் காய்க்கும் வியட்நாம் ஏர்லி ரகம் என்று சொல்லி இரண்டு சக்கைக் (பலா) கன்று, மூன்று புதர் மிளகு, ஒரு சப்போட்டா. எல்லாம் சேர்த்து 6,850 ரூபாய். பில் கேட்டேன். "கடையில இருந்து வாட்ஸ்அப்ல அனுப்பிடுவாங்க அக்கா" என்றார் வண்டிக்காரர். ஜிபேயில் பணம் போட்டபோது வந்த பெயருக்கும் ஃபிளெக்ஸில் இருந்த பெயருக்கும் சம்பந்தமே இல்லை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

மூட்டையைப் பார்க்காமல் வாங்கவில்லை. அவரே ஒன்றைப் பிரித்து, கையை விட்டு ஒரு பிடி எடுத்துக் காட்டினார். கறுப்பாக, உதிரியாக, புது மழை பெய்த மண் வாசனையோடு நல்ல மண்புழு உரம். நானும் தொட்டுப் பார்த்தேன். ஆனால் அவர் கையும் சரி என் கையும் சரி, மேலே நாலு விரல் ஆழத்துக்குத்தான் போனது. வீட்டுக்குள் ஏற்றி வைத்து மறுநாள் குரோ பேக்கில் கொட்டும்போதுதான் அடுத்த அடுக்கு தெரிந்தது: மக்காத தென்னைநார்த் தூள், இடையிடையே நீள நீளமாகத் தும்பு, அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு பொடி. உடனே போன் செய்தேன். "மாடியில வெயிட் ஏறக் கூடாதுன்னுதான் கோகோ பித் கூடப் போட்டிருக்கோம் அக்கா, அடியில இருக்குறது ராக் பாஸ்பேட், நல்ல சத்து" என்றார். நம்பி, வழுதலங்காய் (கத்தரி), வெண்டை, மிளகாய் நாற்று எல்லாம் நட்டுவிட்டேன்.

அந்தச் சாம்பல் பொடி ராக் பாஸ்பேட் இல்லை, பாறைப்பொடி. குவாரியில் கல் உடைக்கும்போது வருகிற தூசி, கொத்தனார் வேலை பார்க்கிற யாரிடமும் காட்டினால் பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள். கன எடை கொண்டது, ரெண்டு சட்டி போட்டாலே மூட்டை எடை ஏறிவிடும். மழை தொடங்கியதும் பைகளில் தண்ணீர் இறங்காமல் மேலே குளம் கட்டி நின்றது. ரெண்டு நாள் வெயில் அடித்ததும் ஓடு மாதிரி இறுகிவிட்டது, குச்சியால் குத்தினால் குச்சிதான் ஒடிந்தது. மூன்றாவது வாரம் வழுதலை இலைகளின் ஓரம் தீயில் காட்டியதுபோலக் கருகி உள்ளே சுருண்டது. ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்த்தேன். நாற்றுத் தட்டில் இருந்தபோது வேர் எந்த வடிவத்தில் இருந்ததோ அதே வடிவத்தில், ஒரு கட்டைவிரல் அளவுக்கு, அப்படியே வந்தது. இருபது நாளில் ஒரு வேர்கூட வெளியே கால் வைக்கவில்லை.

அப்புறம்தான் பிரிக்காமல் வைத்திருந்த ஒரு மூட்டையில் இருந்து அந்தத் தூளை மட்டும் ஒரு வாளியில் ஊறவைத்தேன். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் கட்டன் சாயா நிறத்துக்கு வந்தது. மூன்று முறை மாற்றிய பிறகும் நிறம் போகவில்லை. தென்னை நமக்குப் புதிதில்லை, கதம்பை (தேங்காயின் நார் மட்டை) அழுகப்போடுவதை இந்த ஊரில் பார்க்காதவர்கள் குறைவு, ஆனால் அதில் இருந்து வருகிற தூளை அப்படியே செடிக்குப் போடக் கூடாது என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. கதம்பையிலேயே உப்புச் சத்து உண்டு. காயல் தண்ணீரில், உப்புத் தண்ணீரில் ஊறியதாக இருந்தால் இன்னும் கூடும். அந்த உப்புதான் இலை ஓரத்தைக் கருக்குகிறது. அதுபோக, மக்காத தூளில் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் 112:1 அளவில் இருக்கும், முறையாக மக்கவைத்தால் அது 24:1 அளவுக்கு இறங்கும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு. மக்காமல் போட்டால் அதை மக்கவைக்கிற நுண்ணுயிர்கள் செடிக்குப் போக வேண்டிய நைட்ரஜனையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். நாம் உரம் போடப் போட செடி வெளுத்துக்கொண்டே போவது அதனால்தான். நன்றாகக் கழுவிய கோகோ பித் கடைகளில் கட்டியாகவே கிடைக்கிறது, 5 கிலோ கட்டி ஒன்று நனைந்தால் கிட்டத்தட்ட 70 லிட்டர் வரும். நான் கொடுத்த காசுக்கு அதையும் நல்ல செம்மண்ணும் மக்கிய சாணமும் தனித்தனியாக வாங்கி, மாடி முழுக்க நிரப்பியிருக்கலாம்.

எடை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நனைந்த தூள் தண்ணீரை அப்படியே பிடித்து வைக்கும். ஒரு மூட்டையை மாடியில் பரப்பி நன்றாக உலரவைத்து நிறுத்தேன், 31 கிலோ.

மண்ணைக்கூடக் கழுவி, சலித்து, சாணம் சேர்த்து ஏதோ பாதியைத் தேற்றிவிட்டேன். கன்று விஷயத்தில் போனது ஒரு வருஷம், அதைத் தேற்ற முடியாது.

சக்கைக் கன்று இரண்டிலும் அடியில் இருந்து ஒரு சாண் உயரத்தில் பிளாஸ்டிக் நாடா சுற்றியிருந்தது. ஒட்டு கட்டிய இடம், ஆறு மாதம் அவிழ்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மழையில் புதுத் தளிர் வந்தது. அந்த இலைகள் முழு இலையாக இல்லாமல், விரல் விரித்த கை மாதிரி பிரிந்து பிரிந்து இருந்தன. வியட்நாம் ரகம் அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் அடுத்த வீட்டுப் பாட்டா ரப்பர் தோட்டத்தில் பல வருஷம் ஒட்டு கட்டும் வேலை பார்த்தவர். ஒரு நாள் செடியைப் பார்த்தவர் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து நாடாவை மெதுவாக அவிழ்த்தார். பட்டையில் ஒரு கீறல்கூட இல்லை. அடியில் இருந்து நுனிவரை ஒரே தண்டு, ஒரே நிறம், விரலை வைத்துத் தடவினால் வழுவழுவென்று போகிறது. "மக்களே, இதில ஒட்டு எங்க? கெட்டு மட்டும்தான் கெட்டியிருக்கான்" என்றார். விதை போட்டு முளைத்த சாதாரணக் கன்றில் நாடாவைச் சுற்றி 450 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். பிரிந்த இலை, விதையில் முளைத்த இளம் சக்கைக் கன்றில்தான் வரும், காய்த்த மரத்தின் கொம்பில் எடுத்து ஒட்டியதில் இலை முழுதாக இருக்கும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். இது காய்க்க எத்தனை வருஷம் ஆகுமோ, சுளை கெட்டியான வருக்கையா, குழைவான கூழனா என்பதுகூட அப்போதுதான் தெரியும்.

புதர் மிளகும் அதே கதை. காய்க்கும் பக்கக் கொம்பில் இருந்து எடுத்தால்தான் நல்லமிளகு தொட்டியில் புதராக நிற்கும். தரையில் ஓடுகிற கொடியில் வெட்டி வைத்தால் அது கொடியாகத்தான் போகும். எனக்குக் கொடுத்த மூன்றும் கணுவுக்குக் கணு வேர் விட்டு இப்போது மாடிச் சுவரில் ஏறிக்கொண்டிருக்கின்றன. வாங்கும்போதே கணுவில் பற்று வேர் இருந்தால் அது புதர் மிளகு இல்லை, அந்த ஒன்றைப் பார்த்தாலே போதும். சப்போட்டா பரவாயில்லை, உண்மையான ஒட்டுதான், ஆனால் கவரைக் கிழித்தபோது வேர் உள்ளே கயிறு சுற்றியதுபோலச் சுருண்டு கிடந்தது. ரொம்ப நாள் விற்காமல் கிடந்த செடி.

இவ்வளவையும் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். "நீங்க தண்ணி கூட ஊத்தியிருப்பீங்க அக்கா" என்று ஒரு பதில். அடுத்த நாள் என் எண்ணைப் பிளாக் செய்துவிட்டார். ஃபிளெக்ஸில் போட்டிருந்த ஊரில் விசாரித்தோம், அந்தப் பெயரில் நர்சரியே இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் கூப்பிட்டுப் புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லாததால் ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, படங்கள் மூன்றையும் கொடுத்தேன். ஆள் யார் என்று சரியாகப் பிடிபடாததால் அது இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடவும் யோசிக்கிறோம், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

இந்த வருஷம் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து ஒரு மூட்டையை உங்கள் முன்னால் சாக்கில் முழுசாகக் கொட்டச் சொல்லுங்கள். கொட்ட மாட்டேன் என்றால் அனுப்பிவிடுங்கள். மொத்தமாக வாங்கும் முன் ஒரே ஒரு மூட்டை வாங்கி, அதில் பத்துப் பயறு விதை ஊன்றிப் பாருங்கள், நல்ல கலவையில் நாலைந்து நாளில் முளைத்து இலை பச்சையாக விரியும். ஒட்டுக்கன்று என்றால் நாடாவை அங்கேயே கொஞ்சம் விலக்கிக் காட்டச் சொல்லுங்கள், சாய்வாகவோ 'வி' வடிவிலோ ஒரு தழும்பு கண்டிப்பாக இருக்கும், அதற்கு மேலேயும் கீழேயும் பட்டை நிறம் கொஞ்சமாவது மாறும். நான் இப்போது கன்றுக்குக் கன்னியாகுமரி பழத்தோட்டத்துக்கோ பேச்சிப்பாறைக்கோதான் போகிறேன். சந்தேகம் என்றால் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கிறேன். எல்லா ரகமும் எல்லா நேரமும் கிடைக்காது, காத்திருக்கத்தான் வேண்டும்.

அந்த இரண்டு கன்றில் அவிழ்த்த நாடா, பிரிக்காத ஒரு மூட்டை, பணம் போன ரசீது எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதே மாதிரி பச்சை நிற மினி லாரியில் வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், வண்டி எண் குறித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. சேர்ந்தே புகார் கொடுத்துவிடலாம்.