கட்டில் முதல் நாளே வந்துவிட வேண்டும்: மதுரையில் ஒரு வாடகைக் கடை

மதுரை பெரியாஸ்பத்திரி வட்டாரத்தில் நோயாளிக் கட்டில் வாடகைக்குத் தரும் ஒரு கடையிலிருந்து அம்மாவுக்காகக் கட்டிலும் சக்கர நாற்காலியும் வாடகைக்கு எடுத்தோம். படுக்கைப் புண் வராமலிருக்கப் போடும், பம்பால் காற்று நிரப்பும் காற்றுப் படுக்கையையும் அங்கேயே வாங்கினோம். பக்கவாதத்தில் அம்மாவுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. மூக்குக் குழாய் வழியாகத்தான் உணவு. இதே நிலையில் ஒருவரை வீட்டுக்கு அழைத்து வரப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் விசாரித்த வேறொரு கடையில் முகவரியையும் முன்பணத்தையும் தவிர எதையும் கேட்கவில்லை. இந்தக் கடைக்காரர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். அம்மாவின் எடை என்ன, தரைத்தளமா மாடியா, அறை வாசல் எத்தனை அடி அகலம், கட்டிலின் இரு பக்கமும் ஆள் நிற்க இடம் இருக்குமா, இன்வெர்ட்டர் உண்டா. கடைசியாக, "டிஸ்சார்ஜ் என்றைக்கு அக்கா? முதல் நாளே கட்டிலைப் போட்டுவிடுகிறோம். ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது கட்டிலைப் பூட்டிக்கொண்டிருக்க முடியாது" என்றார். அதைக் கேட்டதும் அவரிடமே எடுப்பது என்று முடிவு செய்தேன். அவர் சொன்னபடியே ஆனது. காலையில் எழுதிய டிஸ்சார்ஜுக்குக் காப்பீட்டு ஒப்புதல் வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது. அந்த நேரத்தில் வீட்டில் எல்லாம் தயாராக இருந்தது எவ்வளவு பெரிய நிம்மதி!

கட்டில் ஃபவுலர் வகை. தலைப்பக்கத்துக்கும் காலுக்கும் தனித்தனிக் கைப்பிடி. குழாயில் உணவு கொடுக்கும்போதும் கொடுத்த பிறகு சிறிது நேரமும் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. தலைப்பக்கத்தை மட்டும் உயர்த்தினால் ஆள் மெல்லக் கீழே சறுக்குவார், முதுகுத் தோல் இழுபடும், படுக்கைப் புண்ணுக்கு அதுவும் ஒரு காரணம். முழங்காலுக்கு அடியிலும் சற்றே உயர்த்திவிட்டால் சறுக்குவது குறையும். தலைப்பக்கம் மட்டும் உயரும் கட்டில் வாடகை குறைவுதான். ஆனாலும் முடிந்தவர்கள் இதையே எடுங்கள்.

கட்டிலைப் பூட்ட வந்த தம்பியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். காற்றுப் படுக்கையை வெறும் கட்டிலில் விரிக்காமல் மெத்தையின் மேல் விரித்தார். மின்சாரம் போய்க் காற்று இறங்கினாலும் அடியில் மெத்தை இருக்கும். பம்பைக் கால்பக்கக் கம்பியில் மாட்டி, குழாய்கள் மடங்காமல் ஒதுக்கிவிட்டார். பிறகு என்னைப் படுக்கச் சொல்லி, என் இடுப்புக்கு நேராகப் படுக்கைக்கும் மெத்தைக்கும் நடுவில் என் கையையே நுழைக்கச் சொன்னார். "கைக்கு மேலே காற்று தெரிகிறதா? எலும்பு வந்து முட்டினால் பம்பின் திருகை ஏற்ற வேண்டும். அம்மா படுத்த பிறகும் இப்படியே பாருங்கள்" என்றார். மேலே ஒரே ஒரு பருத்தி விரிப்பு போதும், தடிமனான போர்வையை மடித்துப் போட்டால் காற்றுப் படுக்கை இருந்தும் பயனில்லை என்பதும் அவர் சொன்னதுதான். இந்தப் படுக்கை இருக்கிறதே என்று இரண்டு மணி நேரத்துக்கொரு முறை திருப்பிப் படுக்க வைப்பதை நிறுத்திவிடக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். மருத்துவமனையில் செவிலியர் அவசரமாகச் சொல்லிப்போன பல விஷயங்கள் அன்றுதான் எனக்கு விளங்கின.

சக்கர நாற்காலி திருப்தியாக இல்லை. இடப்பக்க பிரேக் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் செயலிழந்தவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது பிரேக் நழுவினால் என்ன ஆகும் என்பதை யோசித்தாலே பதறுகிறது. போனில் சொன்னதும் மறுநாள் மாற்றிக் கொடுத்தார்கள். அனுப்புவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். வாங்கும்போது இரண்டு பிரேக்கையும் பூட்டி நாற்காலியைத் தள்ளிப் பாருங்கள். பம்பின் இரைச்சல் முதல் சில இரவுகள் தொந்தரவாக இருக்கும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி வையுங்கள் என்று நினைவூட்டியவரும் இந்தக் கடைக்காரர்தான். அதில் அவருக்கு ஒரு பைசா லாபமில்லை.

வாடகை மாதக் கணக்கு. பாதி மாதத்தில் திருப்பிக் கொடுத்தாலும் முழு மாதப் பணம் பிடிப்பார்கள். இதை ரசீதிலேயே எழுதியிருக்கிறார்கள். காற்றுப் படுக்கையை வாடகைக்குத் தருவதில்லை, புதிதாகத்தான் வாங்க வேண்டும். ஒருவர் படுத்ததை இன்னொருவருக்குக் கொடுக்காதது எனக்குச் சரியாகவே பட்டது.