ஆக்ஸில் கியர் மாற்றும் செலவு: பல வருடம் ஓட்டிய பிறகு எழுதுவது

பிக்கப் வண்டிக்குப் பெரிய டயர் போடுகிறவர்களில் பலர் சீக்கிரமே ஒரே கேள்விக்கு வந்து நிற்பார்கள்: ஆக்ஸில் கியரை (இஞ்சின் சுற்றைக் குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கும் பல்சக்கர ஜோடி) மாற்ற வேண்டுமா, மாற்றினால் எவ்வளவு ஆகும்? நான் மாற்றினேன். அதற்கப்புறம் பல வருடமாகச் சுமை ஏற்றியும் டிரெய்லர் இழுத்தும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த வேலையில் பெரும் பணம் போவது கியருக்கு இல்லை, அதைச் சரியாக உட்கார வைக்கிற கைக்குத்தான். அங்கே மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

என் வண்டி 31 அங்குல டயரோடும் 3.55 விகிதத்தோடும் வந்தது. அதாவது கியர்பாக்ஸிலிருந்து ஆக்ஸிலுக்கு வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் 3.55 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று வரும். 33 அங்குல டயர் ஏறியதும், அது கிட்டத்தட்ட 3.33 விகிதம் போட்ட வண்டிபோல நடந்துகொண்டது, அதாவது இழுவை குறைந்துபோனது. காலியாகப் போகும்போது பெரிதாகத் தெரியவில்லை. டிரெய்லரோடு மேட்டில் ஏறினால்தான் வேதனை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒரு கியரில் நிலைக்காமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் இஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரின் லாக் விட்டு விட்டுப் பிடிக்கும், கியர்பாக்ஸ் ஆயில் சூடாகும். கியர்பாக்ஸின் ஆயுளைத் தின்பது இந்தச் சூடுதான். செலவைக் கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பழைய இழுவை அப்படியே திரும்ப வேண்டுமென்றால் 3.78 தேவை. சந்தையில் அதற்குப் பக்கத்தில் இருப்பது 3.73. நான் அதை விட்டுவிட்டு 4.10 எடுத்தேன். 3.55-இலிருந்து 3.73 போனால் வித்தியாசம் 5 சதவீதம்தான், 4.10 போனால் 15 சதவீதத்துக்கு மேல். ஆனால் ஆக்ஸிலின் கூடான ஹவுசிங்கைத் திறந்து மூடுகிற கூலி இரண்டுக்கும் ஒன்றே. சுமை இழுக்கிற வண்டிக்கு அந்தக் கூலியை ஐந்து சதவீதத்துக்காகக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்து இன்னும் பெரிய டயர் போடும் எண்ணம் இருக்கிறதா என்பதையும் முதலிலேயே யோசித்து முடித்துவிடுங்கள். இரண்டாம் தடவை திறந்தால் எல்லாச் செலவும் மறுபடி முதலிலிருந்து வரும்.

இப்போது பில்லுக்கு வருவோம். கிரவுன் வீலும் (பெரிய பல்சக்கரம்) அதைச் சுற்றும் பினியனும் (சிறிய பல்சக்கரம்) ஜோடியாகத்தான் வரும். இரண்டையும் சேர்த்துத் தேய்த்துப் பொருத்தியிருப்பார்கள், ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. அதோடு பேரிங், ஆயில் சீல், இடைவெளியைச் சரிசெய்யும் தகடான ஷிம், நசுங்கும் ஸ்லீவ், பினியன் நட்டு, கிரவுன் வீல் போல்ட் எல்லாம் அடங்கிய கிட் வாங்க வேண்டும். பழைய பேரிங் நன்றாகத்தானே இருக்கிறது என்று சிலர் அதையே திரும்பப் போடுவார்கள். அது கழலும்போதே அடிபட்டிருக்கும். பின்னால் அது சத்தம் போட ஆரம்பித்தால் முழுக் கூலியையும் இன்னொரு தடவை கொடுக்க வேண்டியதுதான்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி என்றால் முன் ஆக்ஸிலுக்கும் அதே விகிதம் போட்டே ஆக வேண்டும். இரண்டும் வேறு வேறாக இருந்தால், நான்கு சக்கரத்தையும் இணைத்த உடனே, முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டு பக்க இழுப்பில் மாட்டிக்கொள்ளும். ஆகவே செலவு நேராக இரட்டிப்பு. தனிச் சஸ்பென்ஷன் உள்ள முன்பக்கம் என்றால் அதற்கும் மேலே, ஏனென்றால் இந்தக் கியர்கள் இருக்கும் டிஃபரன்ஷியலையே இறக்கி வேலை பார்க்க வேண்டும்.

பலர் கவனிக்காத இன்னொரு செலவு, கிரவுன் வீல் உட்காரும் கேஸ். விகித எண் கூடக்கூடப் பினியன் சிறுத்துக்கொண்டே போகும், கிரவுன் வீல் அதன் பக்கம் இன்னும் நெருங்க வேண்டும். சில ஆக்ஸில்களில் ஓர் எல்லைக்கு மேல் பழைய கேஸ் பொருந்தாது. டேனா 44 என்ற ஆக்ஸில் வகையில் 3.73 வரைக்கும் ஒரு கேஸ், 3.92-இலிருந்து வேறு கேஸ். என் வண்டியில் பின்பக்கத்துக்கு இந்தச் செலவு வந்தது. எப்படியும் புதுக் கேஸ் வாங்குகிறோமே என்று லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்துவது) உள்ளதாகவே போட்டேன். தனியாக இன்னொரு நாள் செய்திருந்தால் அதற்கும் முழுக் கூலி ஆகியிருக்கும்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். பல்லில் மஞ்சள் பசையைப் பூசி, பினியனைச் சுற்றி, பதிந்த அச்சைப் பார்ப்பார்கள். அச்சு பல்லின் அடியில் விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது, நுனியில் விழுந்தால் வெளியே நிற்கிறது என்று அர்த்தம். மெல்லிய ஷிம்மை மாற்றிவிட்டு மறுபடி பேரிங் ஏற்றி, மறுபடி பசை. அதற்கப்புறம் டயல் கேஜ் வைத்துப் பல்லிடைத் தளர்வு பார்ப்பார்கள். பொதுவாக 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மெக்கானிக் சலிக்காமல் ஷிம் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒரு ஆக்ஸிலுக்கே ஒரு நாள் ஓடிவிட்டது. நான் கொடுத்த கூலி அந்தப் பொறுமைக்குத்தான். ஆக்ஸிலில் அவசர வேலை நடந்தால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதோ விடும்போதோ ஊளைச் சத்தம் வரும், ஆயில் மாற்றினாலும் அது போகாது.

வண்டி வெளியே வந்த பிறகும் கொஞ்சம் செலவு இருக்கிறது. முதல் ஓட்டம் மெதுவாக இருபது நிமிடம், பிறகு நன்றாக ஆறவிட வேண்டும். முதல் 800 கிலோமீட்டர் வரை டிரெய்லர் கூடாது. அதன் முடிவில் கியர் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். ஆயிலை வடித்தபோது உள்ளே இருந்த காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மாவு போன்ற பொடி ஒட்டியிருந்தது. அது புதுக் கியர் தேய்ந்து பழகுவதன் அடையாளம், பயமில்லை. சில்லுச் சில்லாக உலோகம் வந்தால்தான் உடனே திறந்து பார்க்க வேண்டும். ஸ்பீடோமீட்டரையும் புது டயருக்கும் விகிதத்துக்கும் ஏற்பத் திருத்தச் சொல்லுங்கள். திருத்தாமல் மைலேஜ் கணக்குப் போட்டால் தப்பான எண்தான் கிடைக்கும்.

இத்தனை வருடத்தில் எரிபொருள் விஷயம் இப்படித்தான்: சுமையோடும் ஊருக்குள்ளும் லாபம், காலி வண்டியை நெடுஞ்சாலையில் விரட்டினால் கொஞ்சம் நஷ்டம். கியர்பாக்ஸின் 1:1 கியரில் (இஞ்சின் சுற்று மாறாமல் அப்படியே வெளியே போகும் கியர்) 100 கிலோமீட்டர் வேகத்துக்கு முன்பு இதே 33 அங்குல டயரோடு நிமிடத்துக்கு 2,250 அளவில் இருந்த இஞ்சின் சுற்று இப்போது 2,600-ஐ ஒட்டி வரும். அதற்கும் மேலான ஓவர்டிரைவ் கியரில் இந்த வித்தியாசம் குறைவு. மேட்டில் கியர்பாக்ஸ் தடுமாறுவது நின்றேவிட்டது. எனக்கு அது ஒன்றே போதும்.

டயர் ஒரு அளவு மட்டும் பெரிதாகி, சுமையும் இழுக்காதவர்கள் இந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம் என்றே சொல்வேன். செலவு கட்டுப்படியாகவில்லை என்றால், அதே மாடல் வண்டியிலிருந்து கழற்றிய, வேண்டிய விகிதமுள்ள முழு ஆக்ஸில் கிடைக்குமா என்று பாருங்கள். நுணுக்க வேலை இல்லாததால் கூலி நன்றாகக் குறையும், ஆனால் மூடியைத் திறந்து பல்லைப் பார்க்காமல் வாங்காதீர்கள். புதுக் கியர்தான் என்று முடிவு செய்தால், பசை அச்சின் படத்தையும் தளர்வு அளவையும் எழுத்தில் தருவீர்களா என்று பட்டறையில் முன்கூட்டியே கேளுங்கள். தயங்குகிற இடத்தில் வண்டியை விடாதீர்கள்.