23,500 ரூபாய்க்கு ஒரு ‘சேனல் ஒன்’: குரல் அறிவிப்பு வாக்கி-டாக்கி வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

கோபத்தில்தான் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், போன் வாசித்துக்காட்டுவதைக் கேட்டுக் கேட்டுத் தட்டுகிறேன். 23,500 ரூபாய் போய்விட்டது. நேற்று சாயங்காலம் கடைக்காரத் தம்பி சொன்ன கடைசிப் பதில்: “வாய்ஸ் வருதுல்ல சார், அப்புறம் என்ன?”

கிளாகோமாவில் எனக்கு இரண்டு கண்ணும் போய் 6 வருஷம் ஆகிறது. ஹாம் லைசன்ஸ், அதாவது பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேச அரசு தரும் உரிமம், அதற்கு முன்பே எடுத்தது. பழைய அனலாக் செட்டில் கஷ்டமே இல்லை, குமிழைத் திருகி எத்தனை ‘டிக்’ என்று எண்ணிக்கொள்வேன், முடிந்தது. டி.எம்.ஆர். என்கிற டிஜிட்டல் முறை செட் அப்படியில்லை. 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் இரண்டு டைம் ஸ்லாட் (மாறி மாறி வரும் நேரத் துண்டு), அதற்குள் டாக்குரூப் (எண் வைத்த பேச்சுக் குழு), இதெல்லாம் சேர்ந்தால்தான் ஒரு சேனல், சேனல்களைக் கட்டுக்கட்டாகப் பிரித்து வைத்தால் அது ஸோன். கை பட்டு ஸோன் மாறிவிட்டால் திரையைப் பார்க்கிறவருக்குத் தெரியும், எனக்கு எப்படித் தெரியும்? செட்டை இன்டர்நெட்டோடு இணைக்கும் சின்னப் பெட்டியான வீட்டு ஹாட்ஸ்பாட்டில் நண்பரைக் கூப்பிடுவதாக நினைத்து 404-இல், அதாவது நாடு முழுக்கக் கேட்கிற இந்தியா டாக்குரூப்பில், என் கண் சொட்டு மருந்து தீர்ந்த கதையை விலாவாரியாகப் பேசியிருக்கிறேன். யாரோ ஒரு புண்ணியவான் குறுக்கே வந்து சொன்னார்.

அதனால்தான் சேனல் பெயரைச் சொல்லும் செட் வேண்டும் என்று தேடினேன். ‘சேனல் ஒன், சேனல் டூ’ என்று இங்கிலீஷிலும் சீன மொழியிலும் எண்ணிக்கை சொல்வது மலிவான செட்டிலேயே உண்டு, அது எனக்குப் போதாது. நாமே பதிவு செய்த குரலை ஏற்றி, குமிழைத் திருப்பினால் ‘வீடு’, ‘கொடைக்கானல்’ என்று சொல்ல வேண்டும். இதைக் கடையில் மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவை.

ஆன்லைனிலும் விற்கிற, நேரில் ஷோரூமும் வைத்திருக்கிற ஒரு வயர்லெஸ் கடை. அந்தத் தம்பி அவ்வளவு மரியாதை. நாற்காலி போட்டார், டீ வந்தது, என் கையைப் பிடித்து செட்டை உள்ளங்கையில் வைத்து, “திருப்பிப் பாருங்க சார்” என்றார். திருப்பினேன். ஒரு பெண் குரல் தமிழில் ‘கேட்’ என்றது, அடுத்த டிக்கில் ‘கன்ட்ரோல் ரூம்’. அந்த நிமிஷம் மனசு இளகிவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. செட்டுக்கு 21,000, குரல் ஏற்றித் தர 2,500. “பேரையெல்லாம் ரெக்கார்ட் பண்ணி வாட்ஸ்அப்ல அனுப்புங்க, மூணு நாள்ல கூரியர்ல வந்துடும்.” 2,500-ஐ மட்டும் வேறொரு எண்ணுக்குத் தனியாக யூபிஐ போடச் சொன்னார். அதையும் போட்டேன்.

என் மகள் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, இரைச்சல் வரக்கூடாதென்று ஃபேனை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க 32 பெயர் பேசிக்கொடுத்தாள். ஒன்பது நாள் கழித்துப் பெட்டி வந்தது. கையில் எடுத்ததுமே உறுத்தியது, கடையில் தொட்டதன் குமிழ் கெட்டியாக இருந்தது, இது லொடலொடவென்று சுற்றுகிறது, ஆன்டெனாவும் நீளம். ஆன் செய்தேன். ‘சேனல் ஒன்.’ திருப்பினேன். ‘சேனல் டூ.’ பக்கத்தில் நின்றவள், “என் குரல் எப்பப்பா வரும்?” என்றாள்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதல் நாள் “சாஃப்ட்வேர் அப்டேட் வரும் சார்.” இரண்டாம் நாள் “டெக்னீஷியன் லீவு.” மூன்றாம் நாள் “தமிழ் சப்போர்ட்டை கம்பெனி எடுத்துட்டாங்க.” ஒருவர் “உங்களுக்கு மெனு பார்க்கத் தெரியலை” என்றே சொன்னார், கண் தெரியாதவனிடம். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறதாம், மகள் சொல்கிறாள், பதில் இல்லை.

நண்பர் ஒருவர் வந்து பேட்டரியைக் கழற்றி உள்ளே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். கடையில் எனக்குக் காட்டியது செக்யூரிட்டிக்காரர்களுக்கு விற்கிற விலை உயர்ந்த தொழில்முறை ரகமாக இருந்திருக்க வேண்டும், அதில் கம்ப்யூட்டர் வழியாகச் சொந்த ஒலிக்கோப்பு ஏற்ற முடியும், இதில் அந்த வசதியே கிடையாது என்றார். சரி, செட்டை இயக்கும் மென்பொருளை மாற்றி, ஹாம்காரர்கள் எழுதிய ஓப்பன்ஜிடி77 ஃபர்ம்வேராவது போடலாமா, அது பெயரை எழுத்து எழுத்தாகவாவது சொல்லுமே என்று பார்த்தோம். குறிப்பிட்ட சில மாடல்களில்தான் அது ஓடும், இது அந்தப் பட்டியலில் இல்லை.

பில்லில் என்ன இருக்கிறது தெரியுமா? ‘வாக்கி-டாக்கி 1, ரூ. 21,000.’ மாடல் இல்லை, சீரியல் எண் இல்லை, குரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 2,500-க்குப் பில்லே இல்லை. ரிச்சி தெருவில் பொருளைத் தடவிப் பார்த்தே வாங்கிப் பழகிய நான், 23,500 ரூபாயை ஒரு டீக்கு மயங்கிக் கொடுத்திருக்கிறேன்.

வாங்குகிறவர்களுக்கு விளக்கமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. காட்டுகிற செட்டையே வாங்குங்கள், ‘அதே மாதிரி இன்னொன்று’ வேண்டாம். உங்கள் குரலில் ஒரே ஒரு பெயரையாவது கடையிலேயே ஏற்றச் சொல்லிக் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள். ‘குரல் அறிவிப்பு’ என்று சொன்னால் யாருடைய குரல், எந்த மொழி, எண்ணா பெயரா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். லைசன்ஸ் கேட்காமல் ஹாம் செட் விற்கிற கடையில் நிற்காதீர்கள், என்னிடம் கேட்கவே இல்லை, அப்போதே எழுந்திருக்க வேண்டும். இடிஏ என்கிற அரசு ஒப்புதல் இருக்கிறதா என்று கேளுங்கள், 2025-இல் ஆன்லைன் வாக்கி-டாக்கி விற்பனைக்கென்றே மத்திய நுகர்வோர் ஆணையம் விதிமுறை போட்டிருக்கிறது.

இன்று காலை 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்துவிட்டேன். அந்தத் தம்பி இதைப் படித்தால்: பெட்டி, சார்ஜர், பெல்ட் கிளிப் எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். 23,500, நான் 2,500 போட்ட அதே யூபிஐயிலிருந்து அனுப்பினாலும் சரி.